முதல் தாள்லயே பாஸ்

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. பையை மேல வெச்சிடறேன். இந்த ஃபைல் மட்டும் மடியிலயே இருக்கட்டும். தாம்பரமா? நானும் தாம்பரம்தான், அங்க இறங்கி ரயிலைப் புடிச்சு உள்ள போகணும். நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆள் கெடைச்சுது. ஒரு கணக்கு சொல்றேன், விடை சொல்றீங்களா? பயப்படாதீங்க, சின்னப்புள்ளைங்க கணக்குதான்.

பத்தாவது பரிச்சை. இங்கிலீஷுக்கு ரெண்டு தாள். தாளுக்கு நூறு மார்க்கு, மொத்தம் எரநூறு. ரெண்டையும் கூட்டி எழுபது வந்தா பாஸ். இதுல இவ்வளவு அதுல இவ்வளவுன்னு தனியா எதுவும் கெடையாது, கூட்டினா எழுபது வரணும், அவ்வளவுதான். ஒரு ஆளு முதல் தாள்லயே எண்பத்தொண்ணு எடுத்தாச்சு. பாஸாகணும்னா ரெண்டாவது தாள்ல எவ்வளவு எடுக்கணும்?

சைபர்! பார்த்தீங்களா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சொல்லிட்டீங்க. இதே கேள்வியை டீக்கடையில கேட்டேன், எங்க ஊரு பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டேன், ஜில்லா ஆபீஸ்ல மேசைக்கு மேசை கேட்டேன். யாரும் வேற விடை சொல்லல. சரி, இப்ப சொல்லுங்க, அந்த ஆளு பாஸா, பெயிலா?

பாஸ்தானே? பெயில்னு போட்டுட்டாங்க சார். அந்த ஆளு என் சம்சாரம். அதுக்குத்தான் மெட்ராஸ் பெரிய ஆபீஸுக்கு மனு எடுத்துட்டுப் போறேன். ஜில்லாவுல நாயம் கெடைக்கல. அங்கயும் கெடைக்கலன்னா அதுக்கு மேல எங்கன்னு விசாரிச்சு வெச்சிருக்கேன். விடறதா இல்ல.

என் பேரு கலியபெருமாள். கரும்பு ஆலையில எடைமேடையில இருக்கேன். வண்டி மேடை மேல ஏறும், எடை பார்ப்பேன். வண்டி எடையைக் கழிப்பேன். அப்புறம் தோகை, மண்ணு, வேரு இதுக்கெல்லாம் ஒரு கழிவு போடுவேன். மிச்சம்தான் சுத்த எடை. நான் போடற கழிவுல இதுவரைக்கும் ஒரு விவசாயி சண்டைக்கு வந்தது கெடையாது. பார்த்த பார்வையிலயே இந்த லோடுல எவ்வளவு குப்பைன்னு சொல்லிடுவேன். வாய்ச்சவடால் இல்ல சார், ஆலையில வந்து கேட்டுப் பாருங்க.

பரிச்சை சமயத்துல எங்க தெரு புள்ளைங்க எல்லாம் கேள்வித்தாளை எடுத்துக்கிட்டு எங்கிட்டதான் வரும். 'மாமா, இது இது எழுதினேன், தேறுவேனா?' உக்கார வெச்சு ஒவ்வொரு கேள்வியா கேட்டு மார்க்கு போடுவேன். கடைசியில கழிவு. திருத்தறவருக்கு அன்னிக்கு வீட்டுல சண்டையா இருக்கலாம், வெயில் தாங்காம இருக்கலாம், அதுக்கெல்லாம் சேர்த்து கொஞ்சம் கழிச்சிடுவேன். நான் தேறும்னு சொல்லித் தேறாத புள்ளை எங்க தெருவுல கெடையாது.

அம்சவேணி, அதான் என் சம்சாரம், எங்க ஊரு அங்கன்வாடியில உதவியாளரா இருக்கா. சமைக்கணும், பெருக்கணும், புள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி விடணும். கல்யாணம் ஆகி வந்த மறு வருஷமே சேர்ந்தா. அங்க ஒரு பழக்கம் சார். மேல இருக்கறவங்களை டீச்சர்னு கூப்பிடுவாங்க, உதவியாளரை ஆயான்னு கூப்பிடுவாங்க. வயசெல்லாம் பார்க்கறதில்ல. இவ இருபது வயசுல போய்ச் சேர்ந்தா, அன்னிக்கே ஆயா. அவளைவிட மூத்த பொம்பளைங்க வந்து, 'ஆயா, எங்க புள்ள சாப்பிட்டானா'ம்பாங்க. அதுல அவளுக்கு ஒரு வருத்தம். நான் சொல்லுவேன், கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாங்க, சம்பளம் வருதில்லன்னு. 

டீச்சர் ஆகணும்னா பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். இவ பத்தாவது எழுதினவதான். தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நாலும் அந்தக் காலத்துலயே பாஸ். இங்கிலீஷ்ல போயிடுச்சு. மறுபடி எழுதறதுக்குள்ள எங்க அம்மா பொண்ணு பார்க்கப் போயிட்டாங்க. அப்படியே விட்டாச்சு.

போன வருஷம் என்ன ஆச்சுன்னா, எங்க மையத்து டீச்சர் ரிட்டயர் ஆகப் போறாங்கன்னு தெரிஞ்சுது. உள்ளயே வேலை பார்க்கற உதவியாளர் பத்தாவது சர்டிபிகேட் வெச்சிருந்தா முதல் உரிமை அவங்களுக்குத்தான். ஆகஸ்டுக்குள்ள சர்டிபிகேட் கையில இருக்கணும்னு மையத்துக்கெல்லாம் மேல் அதிகாரியா இருக்கற மேடம் சொல்லிட்டாங்க. அம்சவேணி வந்து எங்கிட்ட கேட்டா. 'ஏங்க, அந்த ஒரு பாடத்தை எழுதிப் பார்க்கட்டுமா?' நான் தடுத்தேனா? தாராளமா எழுதுன்னேன். பீஸ் கட்டினது நான், ஹால் டிக்கெட் எடுத்துக் குடுத்தது நான். இதை எல்லாம் நீங்க கணக்குல வெச்சுக்கணும் சார். பின்னால யாராவது கலியபெருமாள் பொண்டாட்டியைப் படிக்க விடலன்னு சொன்னாங்கன்னா அது பச்சைப் பொய்.

நல்லாத்தான் படிச்சா. அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு இங்கிலீஷ் பாட்டை மனப்பாடம் பண்ணுவா. ரசம் கொதிச்சுப் பொங்கும், இவ பாட்டு முடியாம இறக்க மாட்டா. நான் ஒரு நாள் கூட ரசத்தைப் பத்திப் பேசினது கெடையாது.

ஜூன் மாசம் பரிச்சை. முதல் தாள் ஒரு நாள், ரெண்டாவது தாள் மறு நாள். அந்த மறு நாள்தான் சார் வம்பு. என் தங்கச்சி ராஜகுமாரி, எங்க ஊருக்குப் பக்கத்து டவுன்ல இருக்கா, அவ பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு அன்னிக்குன்னு வெச்சுட்டாங்க. தங்கச்சி புருஷன் வீட்டு ஆளுங்க ஜோசியரைப் பார்த்து வெச்ச நாளு. மாத்த முடியாது. தாய்மாமன் நான் ஒருத்தன். சீர் எடுத்துட்டுப் போகணும். மேளம் முன்னாடி போக, மாமன் பொண்டாட்டி பட்டுச்சேலைத் தட்டைத் தூக்கிக்கிட்டு முதல் ஆளா நடந்து வரணும். எங்க பக்கத்துல அதுதான் வழக்கம். அவ வரலன்னா என்ன பேசுவாங்க? 'மாமன்காரன் வந்தான், மாமிக்கு மனசு வரல' - இந்தப் பேச்சு சாகற வரைக்கும் போகாது சார்.

நான் முதல் நாள் வரைக்கும் வாயே திறக்கல. முதல் தாளை எழுதட்டும், பார்க்கலாம்னு இருந்தேன். எழுதிட்டு வந்தா. காபி குடிச்சு முடிக்கட்டும்னு காத்திருந்து, கேள்வித்தாளை வாங்கினேன். கட்டில்ல உக்கார வெச்சேன். ஒவ்வொண்ணா கேட்டேன். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் போட்டே, அந்த எதிர்ப்பதம் என்ன, கோடிட்ட இடத்துல என்ன எழுதினே. அவ பளிச் பளிச்னு சொல்றா சார்! எனக்கே ஆச்சரியம். பாதி கேள்விக்கு எனக்கு விடை தெரியாது, புஸ்தகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மார்க்கு போட்டேன். அவ முகத்துல அன்னிக்கு ஒரு சிரிப்பு. கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி எதிரெதிரா உக்காந்து அவ்வளவு நேரம் பேசினதே அன்னிக்குத்தான்னு நினைக்கிறேன். 

கூட்டினேன், எண்பத்தாறு. கழிவு போட்டேன். கையெழுத்துக்குக் கொஞ்சம், ஸ்பெல்லிங்குக்குக் கொஞ்சம், திருத்தறவர் குணத்துக்குக் கொஞ்சம். பத்து மார்க்கு கழிச்சேன். சுத்த எடை எழுபத்தாறு.

வேணும்கறது எழுபது. கையில இருக்கறது எழுபத்தாறு. ரெண்டாவது தாள்ல சைபர் வந்தாலும் பாஸ். சைபருக்குக் கீழ ஒரு மார்க்கு ஒலகத்துல கெடையாது. அப்ப எதுக்கு சார் போகணும்? நீங்களே சொல்லுங்க, எதுக்குப் போகணும்?

அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். 'அம்சா, நீ பாஸாயிட்டே. நாளைக்கு நீ போனாலும் பாஸ், போகாட்டியும் பாஸ். இங்க போகலன்னா ஒண்ணும் கெடாது. அங்க போகலன்னா என் மானம் போயிடும்.' கணக்கா சொன்னேன். அவ, 'நிச்சயமா?'ன்னா. 'நான் எப்பவாவது தப்பா சொல்லியிருக்கேனா'ன்னேன்.

மறுநாள் காலையில வேன் வந்து நிக்குது. சீர்த் தட்டெல்லாம் ஏத்தியாச்சு. இவ பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, தலை நெறைய பூ வெச்சுக்கிட்டு, கையில ஹால் டிக்கெட்டை வெச்சுக்கிட்டு நிக்கறா. 'ஏங்க, போற வழிதானே. நான் உள்ள போய் பேரை எழுதிட்டு, சும்மா உக்காந்துட்டு வந்துடட்டுமா?'ன்னா.

சும்மா உக்கார்றதுக்கு ரெண்டரை மணி நேரமான்னு கேட்டேன். வேன்காரன் வேற ஆரன் அடிக்கறான், மேளக்காரங்க ரோட்டுல நிக்கறாங்க. 'சும்மா உக்காரணும்னா மண்டபத்துல நாற்காலி போட்டிருக்காங்க, அங்க வந்து உக்காரு'ன்னேன். வேன்ல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் ஹால் டிக்கெட்டைப் பைக்குள்ள வெச்சுட்டு ஏறிட்டா. இழுத்துட்டுப் போகல சார். அவளாத்தான் ஏறினா.

சீர்னா அப்படி ஒரு சீர். மைக் செட்டுல மொய் சொல்லிக்கிட்டு இருந்தவன்கிட்ட நானே போய்ச் சொன்னேன். அவன் மைக்கை வாய்க்குள்ள விட்டுக்கிட்டு, 'தாய்மாமன் கலியபெருமாள் அவர்களின் சீர்வரிசை, பத்தாம் வகுப்பு தேறிய அவரது துணைவியார் அம்சவேணி அவர்கள் கரங்களால்!'ன்னு நீட்டி முழக்கினான். மண்டபமே கை தட்டிச்சு. எவன் பொண்டாட்டிக்கு சார் இந்த மரியாதை கெடைக்கும்? இவ குனிஞ்ச தலை நிமிரல. கூச்சம். என் தங்கச்சி மட்டும் தட்டை வாங்கும்போது, 'அண்ணி, இன்னிக்குப் பரிச்சை இல்ல?'ன்னு கேட்டா. 'முதல் தாள்லயே பாஸ் பண்ணிட்டா'ன்னு நான்தான் பதில் சொன்னேன். தங்கச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தா. சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு அந்தப் பார்வை உண்டு.

அப்புறம் ரிசல்ட் வந்துது. டவுன்ல பிரவுசிங் சென்டர்ல நம்பரைப் போட்டுப் பார்த்தாங்க. முதல் தாள்னு போட்டு அதுக்கு நேரா எண்பத்தொண்ணு! சார், நான் கத்தியே விட்டேன். நான் சொன்னது எழுபத்தாறு, வந்தது எண்பத்தொண்ணு. என் கழிவு கொஞ்சம் ஓவராப் போயிருக்கு, அவ்வளவுதான். பக்கத்துல நின்னவன் கையைப் புடிச்சுக் குலுக்கினேன். அந்த சென்டர்ல இருந்த பொண்ணு, 'அண்ணா, கீழ பாருங்க'ன்னுது. ரெண்டாவது தாளுக்கு நேரா மூணு 'ஏ' போட்டிருக்கு. அதுக்குக் கீழ பெயில்.

வரலன்னு அர்த்தமாம். ஒரு தாளுக்கு வரலன்னா கூட்டவே மாட்டாங்களாம். இது எங்க சார் எழுதியிருக்கு? எழுதியிருக்குன்னு அப்புறம் காட்டினாங்க, அது வேற விஷயம். நாயம்னு ஒண்ணு இருக்கில்ல? வந்து உக்காந்து ஒரு எழுத்துகூட எழுதாம எழுந்து போனவனுக்கு சைபர். வராதவனுக்கும் பேப்பர்ல ஒண்ணும் கெடையாது, இவனுக்கும் ஒண்ணும் கெடையாது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஜில்லா ஆபீஸ்ல ஒரு அம்மா, சூப்பரிண்டெண்டு. நல்ல மாதிரியாத்தான் பேசினாங்க. 'ஐயா, சைபர்ங்கறது ஒரு மார்க்கு. வராதவங்களுக்கு மார்க்கே கெடையாது. இல்லாததை எப்படிக் கூட்டறது?'ன்னாங்க. நான் விடல. எடைமேடையில இருக்கறவன்மா நான், எனக்குக் கூட்டல் சொல்லித் தராதீங்கன்னேன். உடனே அந்தம்மா, 'சரி, உங்க ஆலைக்கு வராத வண்டிக்கு எடைச்சீட்டு போடுவீங்களா?'ன்னு கேட்டுட்டாங்க.

அது வேற சார். கரும்பு வேற, படிப்பு வேற. அதையும் இதையும் முடிச்சுப் போடலாமா? நான் அங்கயே சொல்லிட்டு வந்துட்டேன்.

அம்சவேணியா? ஒண்ணும் சொல்லல. அதான் சார் எனக்குப் பெருமை. வேற பொம்பளையா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பா. இவ அந்த மார்க்குத் தாளை வாங்கிப் பார்த்தா, மடிச்சா, 'பேரை எழுதிட்டு வந்திருக்கலாம்'ன்னா. அவ்வளவுதான். 'எண்பத்தொண்ணும்மா!'ன்னேன். தலையாட்டிட்டு முருங்கைக்கீரை உருவ உக்காந்துட்டா.

மையத்துக்குப் புது டீச்சர் வந்தாச்சு. வெளியூர் பொண்ணு, இருபத்தாறு வயசு இருக்கும். அதுவும் இவளை ஆயான்னுதான் கூப்பிட்டுது முதல்ல. இப்ப அக்கான்னு கூப்பிடுது. நல்ல பொண்ணுதான். பக்கத்துக் காலனி மையத்துல வர்ற பொங்கலோட இன்னொரு டீச்சர் ரிட்டயர் ஆகறாங்க. அதுக்குள்ள என் மனுவுக்குத் தீர்ப்பு வந்துடுச்சுன்னா அந்த வேலை இவளுக்குத்தான். அதை விட்டா அடுத்த எடம் எப்பக் காலியாகும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதுக்குத்தான் இவ்வளவு அலைச்சல். எனக்கா சார் அலையறேன்?

ஜில்லா ஆபீஸ் அம்மா போற போக்குல, 'செப்டம்பர்ல மறுபடி எழுதச் சொல்லுங்க, ஒரே பாடம்தானே'ன்னாங்க. எதுக்கு எழுதணும்? பாஸானவ எதுக்கு மறுபடி எழுதணும்? மறுபடி எழுதினா நாம பெயில்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? வீட்டுல வந்து அம்சவேணிகிட்டயும் திட்டவட்டமா சொல்லிட்டேன். 'நீ எழுதக் கூடாது. எழுதினா என் கேஸ் படுத்துடும்.' சரிங்கன்னா. எனக்கு எப்பவுமே அவகிட்ட புடிச்சது அதுதான். சொன்னா புரிஞ்சுக்குவா.

இந்தப் பயணத்துக்கு நாள் பார்த்துக் குடுத்ததே அவதான் சார். நான் அடுத்த வாரம் போகலாம்னு இருந்தேன். 'வெள்ளிக்கிழமை போங்க, நல்ல நாளு. ராத்திரி உங்க பெரியம்மா பையன் வீட்டுல தங்கிட்டு நிதானமா வாங்க'ன்னா. புளிசாதம் கட்டிக் குடுத்திருக்கா, வறுத்த வேர்க்கடலை போட்டு. இந்தாங்க, கொஞ்சம் எடுத்துக்கங்க. வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சா. இப்பக்கூட வீட்டுல இங்கிலீஷ்தான். எங்க பையனுக்குச் சொல்லிக் குடுக்கறேன்னு விடியக்காலம் எழுந்து உக்காந்துக்குவா. பையன் தூங்குவான், இவ படிச்சுக்கிட்டு இருப்பா. படிக்கட்டும், படிச்ச பழக்கம் விடாது.

மேல்மருவத்தூர் வந்துடுச்சா? ஒரு நிமிஷம் சார், அவளுக்கு ஒரு போன் போட்டுடறேன். எங்க வந்திருக்கேன்னு சொல்லலன்னா கவலைப்படுவா.

சுவிட்ச் ஆஃப்.

அப்படி வெக்க மாட்டாளே. சார்ஜ் இருக்காது. மையத்துக்கே போடறேன், அந்த டீச்சர் பொண்ணு நம்பர் இருக்கு. ஹலோ, டீச்சரம்மா, நான் அம்சவேணி வீட்டுக்காரர். அவகிட்ட குடுங்களேன். என்னது? ...லீவா? இன்னிக்கா? ...நேத்துமா? நேத்து மேடம் ஆபீஸ்ல மீட்டிங்னு சொன்னாளே. சரிம்மா, சரி, வெக்கறேன்.

இருங்க சார், ஒண்ணும் இல்ல. தங்கச்சிகிட்ட கேட்டா தெரிஞ்சுடும். ராஜகுமாரி? நான் அண்ணன் பேசறேன். உங்க அண்ணி எங்க போனா தெரியுமா? ...என்ன பரிச்சை? ...யாரு சொன்னது? ...நான் கத்தல, நீ சொல்லு. ...நேத்துமா? ...ம். ...ஏன் எங்கிட்ட சொல்லல? ...உக்காந்தா என்ன? ...அதை அன்னிக்கே மண்டபத்துல சொல்றதுதானே? ...ம். ...ம். வெச்சுடு.

ஜன்னலைக் கொஞ்சம் திறங்க சார். காத்தே வரல.

நேத்து முதல் தாள் எழுதிட்டாளாம். இன்னிக்கு ரெண்டாவது தாளாம். இப்ப உள்ள உக்காந்து எழுதிக்கிட்டு இருக்காளாம். என் தங்கச்சிதான் ரெண்டு நாளும் ஸ்கூட்டியில கொண்டு போய் விட்டிருக்கா. பீஸ் கட்டினதும் அவதானாம். என்ன தைரியம் பார்த்தீங்களா? யாருக்காக நான் அன்னிக்குச் சீர் தூக்கினேனோ அந்தத் தங்கச்சி! 'தட்டை யாரு வேணா தூக்கலாம்ணா, பரிச்சையை அண்ணிதான் எழுதணும்'ங்கறா. இதை அன்னிக்கே மண்டபத்துல சொல்ல வேண்டியதுதானே? கேட்டா, 'நீதான் மைக்ல சொல்ல வெச்சுட்டியே, அதுக்கு மேல நான் என்ன சொல்றது'ங்கறா.

ஏன் எங்கிட்ட மறைச்சீங்கன்னு கேட்டேன் சார். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'சொன்னா நேத்து சாயந்திரம் கேள்வித்தாளை வாங்கி வெச்சுக்கிட்டு மார்க்கு போட உக்காந்திருப்பே'ன்னா. உக்காந்தா என்னன்னேன். 'அண்ணி இன்னிக்கும் போக வேண்டியிருந்துது இல்ல'ன்னா.

எனக்கு நெஞ்சு எரியுது சார். திட்டியிருக்கலாமே! சட்டியைத் தூக்கி எறிஞ்சிருக்கலாமே! 'உன்னாலதான் போச்சு'ன்னு நடுவீட்டுல நின்னு கேட்டிருந்தா நான் ஒரு பதில் சொல்லியிருப்பேன். பதில் எங்கிட்ட இருக்கு சார், எண்பத்தொண்ணு இருக்கு. எதுவுமே கேக்காம, எனக்குச் சோத்தைக் கட்டிக் குடுத்து, நல்ல நாளு பார்த்து, பஸ்ஸேத்தி அனுப்பிட்டுப் போயிருக்கா. நான் என்ன அவ்வளவு தொந்தரவு புடிச்ச ஆளா? நீங்க இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வர்றீங்களே, நீங்க சொல்லுங்க.

 

இறங்கறதாவது? நான் ஏன் இறங்கணும்? இறங்கித் திரும்பிப் போனா அவ செஞ்சது சரின்னு ஆயிடும். மனுவைக் குடுத்தே தீருவேன். அவ இன்னிக்குத் தொண்ணூறு எடுக்கட்டும், நூறு எடுக்கட்டும், டீச்சர் ஆகட்டும், ஊரே டீச்சரம்மான்னு கூப்பிடட்டும், எனக்கும் சந்தோஷம்தான். யாரு இல்லைன்னா? ஆனா ஜூன் மாசம் அவ பாஸு. அதை யாரும் மாத்த முடியாது. கூட்டல் கூட்டல்தான். பெரிய ஆபீஸ்ல இல்லைன்னாங்கன்னா கோர்ட்டு இருக்கு.

மனுவுல இனிமே என்ன எழுதறதுன்னு கேக்கறீங்களா? எழுதினதுதான். ஒரு எழுத்து மாத்த மாட்டேன்.

சார், உங்க போன்ல நெட்டு இருக்கா? ஒண்ணும் இல்ல. நேத்து கேள்வித்தாளை இந்நேரம் எவனாவது போட்டிருப்பான். பத்தாவது, இங்கிலீஷ், முதல் தாள்னு அடிச்சுப் பாருங்களேன். சும்மா பார்க்கறதுக்குத்தான். மார்க்கெல்லாம் போட மாட்டேன், சத்தியமா. கஷ்டமா இருந்துதா, லேசா இருந்துதான்னு ஒரு பார்வை பார்த்துடறேன்.

இதேதான். குடுங்க இப்படி. எழுத்து பொடியா இருக்கே, பெருசு பண்ணுங்க. ஆங். முதல் கேள்வி, அர்த்தம் எழுதறது. இது அவளுக்குத் தெரியும். அடுத்தது... இதுவும் தெரிஞ்சிருக்கும், அடுப்புகிட்ட நின்னு சொல்லிக்கிட்டு இருந்தாளே. இருக்கட்டும், ஒண்ணு ஒண்ணு ரெண்டு. மூணாவது. இதுக்கு நாலு விடை குடுத்திருக்கான், நாலும் ஒரே மாதிரி இருக்கு. இதுல அவ எதைப் போட்டாளோ தெரியலையே.

போதும் சார், வெச்சுக்கங்க. கேள்வியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என்ன எழுதினேன்னு அவ சொன்னாத்தானே ஆச்சு.

நாளைக்குப் போய்க் கேட்டா சொல்லுவாளா சார்?